தண்ணி கலக்கும் வீடு

எங்கள் வீட்டில் சீனி ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்பிய காலம் உண்டு. அடுப்புக்கு மேல் தட்டில், பழைய பிஸ்கட் டின் ஒன்றில். ஆகையால், சீனியைக் குறைக்க வேண்டும், முடிந்தால் அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அது எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த டின்னை எடுத்துக்கொண்டு போய் எங்கள் அறை அலமாரியில், சேலைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். சாவி என் கைப்பையில். சொன்னதைச் சரியாகச் செய்கிறவள் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு ஒரு பெயர் இருந்தது.

சீனி ஆகாது என்று சொல்லப்பட்டவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். சிம்பாங் அம்பாட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பால்மரம் வெட்டப் போனவர். தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியை வளர்த்து ஆளாக்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்தார். புக்கிட் ரம்பாயில் தாமான் என்கிற குடியிருப்பில் வரிசை வீடு எங்களுடையது. என் கணவருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்கு இன்னொரு தொழிற்சாலை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. பிரசவ விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பும் நாளில், மகளை யாரிடம் விடுவது என்று நான் அழுதுகொண்டிருக்க, "எதுக்கு அழுவுற? நான் என்னா செத்தா போயிட்டேன்?" என்று கேட்டுப் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் அவர். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். இதைச் சொல்லக் காரணம், இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அவரைக் கிழவி என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

புண் இடது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே வந்தது. செருப்புக்குள் ஒரு சின்னக் கல் இருந்திருக்கிறது. நாள் முழுவதும் அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறார், தெரியவில்லை. சாயங்காலம் தரையில் ஈரமாகத் தடம் தடமாக இருப்பதைப் பார்த்து நான்தான் கேட்டேன். காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்றார். யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். எனக்குப் பயம் வந்தது. ரத்தம் வந்ததால் அல்ல. அவருக்கு வலிக்கவில்லை என்பதால்.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இனிப்புநீர் என்றார்கள். ரொம்ப நாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும். அண்ணிக்கு மலாய் தெரியும் என்றாலும் அது பாசாரில் மீன் விலை கேட்கிற மலாய். அதனால் டாக்டர் சொன்னதை நான் சொன்னேன், அண்ணி சொன்னதை டாக்டருக்கு நான் சொன்னேன். சீனி இறங்கினால் புண் ஆறும். இறங்காவிட்டால் கால் தங்காது. அதை மட்டும் நான் கொஞ்சம் மெதுவாக்கிச் சொன்னேன். "புண்ணு ஆற லேட்டாவும்னு சொல்றாங்க" என்றேன். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது, "கால எடுத்துடுவாங்கன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். அவருக்குப் புரிந்த மலாய் நான் நினைத்ததைவிட அதிகம்.

"எடுக்க மாட்டாங்க அண்ணி. நாம சரியா இருந்தா எடுக்க மாட்டாங்க."

"தோட்டத்துல ஒருத்தருக்கு எடுத்தாங்க. அதுக்கப்புறம் அவரு பேரே போயிடுச்சி. கால் போனவருன்னுதான் சொல்லுவாங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்லாத. தம்பிகிட்ட சொல்லிக்க. வேற யாருக்கும் வேணாம்."

நான் சரி என்றேன்.

அன்றைக்கே சீனியைப் பூட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து அண்ணிக்குச் சீனி போடாத தேத்தண்ணி. எங்கள் வீட்டில், எங்கள் வீட்டில் மட்டுமில்லை, நான் அறிந்த எல்லா வீட்டிலும், சீனி போடாத தேத்தண்ணி என்றால் டின் பால் மட்டும் ஊற்றிய தேத்தண்ணி. டின்னின் மேல்மூடியில் இரண்டு பக்கமும் ஆணியால் ஓட்டை போட்டு, எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிற்க வைத்திருப்போம். சாய்த்தால் வெளுத்த மஞ்சள் நிறத்தில் கெட்டியாக, நூல் போல இறங்கும். கிளாசின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு அது படிந்த பிறகு மேலே சாயத்தை ஊற்றுவோம். அது பால். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் தாய்மார் பால் வெட்டப் போன பிறகு அழுகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் வெந்நீரில் கரைத்துப் புட்டியில் கொடுத்தார்கள். என் கணவர் அதைக் குடித்து வளர்ந்தவர். காய்ச்சல் வந்தால் ரொட்டியில் அதைத்தான் தடவிக் கொடுப்பார்கள். டின்னின் மேல் பசுவின் படமோ புட்டிப்பிள்ளையின் படமோ இருக்கும். அதைச் சீனி என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணிக்கு ஒரு நாளைக்குப் பல தடவை தண்ணி வேண்டும். தண்ணி என்று எங்கள் ஊரில் சொல்வது பச்சைத் தண்ணீரை அல்ல. கோப்பியோ தேயோ, கலக்கிக் குடிப்பது எதுவோ அது. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் இடத்துக்கு, போகும்போது கறுப்புத் தேத்தண்ணியைப் பழைய சாராயப் போத்தலில் ஊற்றி, கழுத்தில் கயிறு கட்டி எடுத்துப் போவார்களாம். பாகு மாதிரி சீனி. நான்கைந்து மரம் வெட்டி ஒரு மடக்கு, இன்னும் கொஞ்சம் வெட்டி ஒரு மடக்கு. பசியாறும் நேரம் வரும்வரை வயிற்றுக்கு அதுதான். "அது இல்லாட்டி கண்ணு இருட்டிக்கிட்டு வரும். கங்காணி ஏசுவாரு. ஏச்ச விட தண்ணி மேல்" என்பார் அண்ணி. மரம் போய்விட்டது, மலைமேட்டு நடை போய்விட்டது, பால் வாளி சுமந்த தோள் சும்மா இருந்தது. தண்ணி மட்டும் அதே கணக்கில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இதை இப்போது எழுத முடிகிறது. அன்று அவர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத் திருப்தியாக உதட்டைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது, பாவம், சீனி இல்லாமல்கூடப் பழகிக்கொண்டாரே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த தடவை கிளினிக்கில் சோதித்தபோது ரத்தத்தில் சீனி இறங்கியிருந்தது. அங்கிருந்த நர்ஸ், நாங்கள் மிஸி என்போம், அண்ணியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். தேத்தண்ணிக்குச் சீனி போடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். நான் அண்ணியிடம் கேட்டேன்.

"நீதான் பூட்டி வச்சிருக்கியே, அவங்ககிட்ட சாவியக் காட்டு" என்றார் அண்ணி சிரித்துக்கொண்டே.

நான் மலாயில், போடுவதில்லை என்றேன். அது பொய்யில்லை.

ஆனால் புண் ஆறவில்லை. வாய் கொஞ்சம் அகலமாகியிருந்தது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, ரத்தம் நன்றாக இருக்கிறதே, ஏன் இது இப்படி இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மருந்து மாற்றி எழுதினார்.

அந்த நல்ல ரத்தம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கிளினிக் நாளுக்கு முந்திய மூன்று நாலு நாட்களாக அண்ணி பாதிப் பட்டினி. பாகற்காயை இடித்துச் சாறு குடிப்பார். ஒரு பிடி சோறு. தண்ணி கிடையாது. எங்கள் தாமானில் இனிப்புநீர் உள்ள எல்லாருமே அப்படித்தான் செய்வார்கள். கிளினிக்குக்குப் போவது பரீட்சைக்குப் போவது மாதிரி. "ரத்தம் கூட இருந்தா மிஸி எல்லார் முன்னாலயும் ஏசுவாங்க. வயசுக்கு மரியாத இருக்காது" என்பார்கள். நான் பரீட்சைகளில் தேறியே பழகியவள். அண்ணி தேறியபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இது சரிதானா என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று திரும்பும் வழியில் பாச்சாங்கில் இறங்கி, அண்ணியோடு ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர் வீட்டுக்குப் போனோம். அந்தம்மா எங்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே ரோஸ் சிரப்பைக் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய கிளாஸ், நிறைய ஐஸ். நான் அண்ணியின் கையைத் தொட்டேன்.

"என்னாடி, தம்பி பொண்டாட்டி உன் கையப் புடிக்கிறா?" என்று கேட்டார் அந்தம்மா.

"எனக்குச் சளி புடிச்சிருக்கு. ஐஸ் வேணாம்னு சொல்றா" என்றார் அண்ணி.

"அப்படின்னா சுடுதண்ணியா கலக்கிட்டு வரேன்." சிரப் உள்ளே போய், சாக்லெட் வாசனையோடு சத்துமாவு வெளியே வந்தது. அண்ணி குடித்தார். என்னைப் பார்க்கவில்லை.

டின் பால் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது, கடைக்குப் போக முடியவில்லை. மகளுக்கு வாங்கி வைத்திருந்த பால்மாவில் ஒரு கரண்டியைக் கரைத்து அண்ணிக்குத் தேத்தண்ணி கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தார்.

"என்னா, சீனி போடாம குடுத்துட்ட?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் போய்த் தட்டிலிருந்த காலி டின்னை எடுத்து, ஓட்டையில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நான் பிறந்ததிலிருந்து தெரிந்த ருசி அது. அதை அன்றுதான் முதல்முறை ருசித்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பாலின் ருசி அதில் இருந்ததா என்று தேடினேன்.

அதன் பிறகு எனக்குக் கண் திறந்துகொண்டது. திறந்துகொண்டதே ஒரு தொல்லையாகிவிட்டது. ஆபீசில் தள்ளுவண்டியில் வரும் கோப்பியில், கேன்டீன் சம்பலில், மகள் சோற்றில் பிசைந்து சாப்பிடும் கறுப்பு சோயாக் கிச்சாப்பில், மிளகாய்ச் சாஸில், ரொட்டியில், தேத்தண்ணியில் தோய்த்துத் தின்னும் பிஸ்கட்டில். பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு லோரியில் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு இலவசமாக ஊற்றித் தரும் சத்துபானத்தில். கோயில் பிரசாதத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அது சீனி என்ற பெயரோடு வருகிறது. மற்றவை எல்லாம் சத்து என்றும் பால் என்றும் குழம்பு என்றும் வேறு வேறு பெயரில் வந்தன. கடையில் அரிசியைப் போலச் சீனிக்கும் அரசாங்கம் விலை கட்டி வைத்திருந்தது. ஏழைகளுக்கு அது இல்லாமல் ஆகாது என்பதால்தான். தீபாவளி நேரத்தில் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டால் எங்கள் தாமான் பெண்கள் ஆளுக்கொரு பை என்று வரிசையில் நிற்பார்கள். நானும் அண்ணியும் பிள்ளையோடு நின்றிருக்கிறோம்.

டின் பாலை நிறுத்தினேன். பிஸ்கட்டை நிறுத்தினேன். அண்ணி சண்டை போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கறுப்புத் தேத்தண்ணியை மருந்து மாதிரிக் குடித்தார். யாரோடும் பேசாமல் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். என் கணவர் வேலை முடிந்து வந்தவர் இதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"அக்காவப் பட்டினி போடுறியா?"

"டாக்டர் சொன்னதத்தான் செய்றேன்."

"டாக்டரா வளத்தாங்க என்னை? அவங்க தன் வாயில போடறத எனக்குப் போட்டவங்க. ஒரு தண்ணி. ஒரே ஒரு தண்ணி கேக்குறாங்க, அதையும் குடுக்காதன்னா என்னா நியாயம்?"

"கால் போயிடுங்க" என்றேன். இதைச் சத்தமாகச் சொன்னேனா மனத்துக்குள் சொன்னேனா என்று சந்தேகமாக இருக்கிறது. ஏனென்றால் அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் அண்ணியின் முகம் தெளிந்தது. சிரித்தார், மகளுக்குப் பாட்டுப் பாடினார். பழகிவிட்டார் என்று நான் மூச்சு விட்டேன். புண் மட்டும் ஆறவில்லை. ஓரம் கறுத்து, ஈரத்துணியை மூடி வைத்தது போன்ற ஒரு வாடை வந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறந்து சிரித்தாள். நாக்கு சிவப்பாக இருந்தது, வெற்றிலை போட்டது மாதிரி.

"என்னா குடிச்ச?"

"சேப்புத் தண்ணி" என்றாள். "அத்தையும் சேப்புத் தண்ணி."

எங்கள் வீட்டில் சேப்புத் தண்ணி கிடையாது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. சொல்லாமல் சீக்கிரம் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. வரிசையில் நடந்தேன். முனை வீட்டில் அண்ணியின் செருப்பு கிடந்தது, பக்கத்தில் மகளின் குட்டிச் செருப்பு. அந்த வீட்டு அக்கா எங்கள் தாமானிலேயே நல்ல மனசுக்காரர் என்று பெயர் எடுத்தவர். அண்ணி நாற்காலியில், கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் கிளாஸ். மகள் அவர் மடியில் ஒரு சின்னக் கிளாசோடு.

"வா, வா" என்றார் முனை வீட்டு அக்கா. "இப்பதான் உங்க அண்ணி வந்தாங்க. தெனம் இந்தப் பக்கம் நாலு வீடு ஏறி எறங்குனாத்தான் அவங்களுக்குப் பொழுது போவும். புண்ணுக் காலோட நடக்காதீங்கன்னா கேக்குறாங்களா? ஒக்காரு, உனக்கும் ஒரு தண்ணி கலக்குறேன்."

நான்கு வீடு. எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் ஏறினால் தண்ணி குடிக்காமல் இறங்க முடியாது. வேண்டாம் என்றால், என்ன கோபம் என்று கேட்பார்கள். கலக்கித் தராவிட்டால், வந்தவரை மதிக்காத வீடு என்பார்கள். அண்ணி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வாசல் ஏறினார், அவ்வளவுதான். அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் இனிப்புநீர் விஷயம் தெரியாது. ஒருத்திக்காவது தெரிந்திருந்தால் கையைப் பின்னால் இழுத்திருப்பாள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அக்கா, அவங்களுக்கு இனிப்புநீர், இனிமேல் கொடுக்காதீங்க. எவ்வளவு சின்ன வாக்கியம். அண்ணி கிளாசை வாயிலிருந்து எடுக்காமல் அதன் விளிம்புக்கு மேலாக என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. நீ சொல்லிவிட்டால் நான் இந்த வரிசையில் எந்த வாசலையும் மிதிக்க முடியாது, அதைத் தெரிந்துகொண்டு சொல் என்கிற பார்வை. அவருக்கு இந்த ஊரில் இருந்தது அந்த நாலு வாசல்கள்தான். தோட்டத்து ஆட்கள் எல்லாம் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். பகல் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் வேலையில்.

முனை வீட்டு அக்கா என் கையில் கிளாசைக் கொடுத்தார். நான் குடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகளை நான் தூக்கிக்கொண்டேன். அண்ணி பின்னால் காலை இழுத்து இழுத்து வந்தார். "சொல்லலியே நீ" என்றார். நன்றியோடு சொன்னாரா, என்னவோ. திங்கட்கிழமை லீவு போட்டு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும், இந்த முறை பட்டினி இருக்கவிடாமல் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. பாதம் முழுவதும் வீங்கி, சூடாக, பளபளவென்று இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் கணவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேனா நகரவில்லை. அண்ணி படுக்கையிலிருந்து, "போடுடா. கங்காணி முன்னால நிக்கிற மாதிரி நிக்கிற" என்றார். அதற்கும் அவர் போடவில்லை. அண்ணியே பேனாவை வாங்கித் தன் பெயரை, பள்ளிக்கூடத்தில் கற்ற மூன்று வருடப் படிப்பின் எழுத்தில், மெதுவாக எழுதினார்.

செய்தி பரவியது. காலை எடுத்த பிறகு எதை மறைப்பது? தாமானிலிருந்து வந்தார்கள், பாச்சாங்கிலிருந்து வந்தார்கள், சிம்பாங் அம்பாட்டில் எஞ்சியிருந்தவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது எங்களில் வழக்கமில்லை. ஒருவர் சத்துமாவு டின் கொண்டுவந்தார். அடுத்தவர் குளுக்கோஸ் டின். கிரீம் பிஸ்கட் டின், ரோஸ் சிரப் போத்தல், குமிழ் விடும் ஆரஞ்சு கேஸ் தண்ணி. கட்டிலுக்குப் பக்கத்து இரும்புப் பெட்டி மேல் அவை அடுக்கடுக்காக ஏறின. இடம் போதாமல் ஜன்னல் விளிம்பிலும் வைத்தோம். பக்கத்துக் கட்டில்களிலும் அதே காட்சிதான். அந்த வார்டில் பாதிப் பேருக்குக் கால் இல்லை, எல்லார் தலைமாட்டிலும் டின்கள்.

"ரத்தம் போயிருக்கு, நல்லா கரைச்சிக் குடுங்க. தெம்பு வரணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். டின்னைக் கொடுக்கும் கைகளில் உண்மையான துக்கம் இருந்தது.

தமிழ் மிஸி ஒருவர் கட்டு மாற்ற வந்தார். ஜன்னலைப் பார்த்தார். "என்னாங்கம்மா, மளிகைக் கடை வைக்கப் போறீங்களா?"

"மிச்சமிருக்கிற காலுக்கு வாங்கிட்டு வந்திருக்காங்க" என்றார் அண்ணி.

மிஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கட்டை அவிழ்த்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் அந்த டின்களைப் பைகளில் போட்டு, பஸ்ஸில் இரண்டு மூன்று நடையாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். நோயாளிக்கென்று கொடுத்ததை மற்றவருக்குக் கொடுக்கலாமா, கொட்டலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. வீட்டு நடைவழியில் பையோடு அப்படியே இருந்தன.

அண்ணி சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். இந்த முறை நான் எவருக்கும் பயப்படவில்லை. பார்க்க வந்த எல்லாரிடமும் நேராகவே சொன்னேன். இவருக்கு இனிப்புநீர், தயவு செய்து எதுவும் கொடுக்காதீர்கள், எங்கள் வீட்டில் இனி இனிப்பு கிடையாது. வந்தவர்களுக்குக் கறுப்புத் தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் கொடுத்தேன். அண்ணி எதிரில் இனிப்பாகக் கலந்து பிறருக்குக் கொடுப்பது எப்படி? வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசைப் பார்ப்பார்கள். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசியிருந்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை, "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்று வேலியருகே நின்றே விசாரித்தார்கள். அதற்கடுத்த முறை வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு வீட்டில் போய் என்ன செய்வது, தண்ணி குடிக்காமல்?

அண்ணியின் ரத்தத்தில் சீனி இறங்கியது. பட்டினி கிடக்காமல், பாகற்காய் இல்லாமல், ஒவ்வொரு முறையும் இறங்கியது. டாக்டர் என்னைப் பாராட்டினார். குடும்பத்தின் ஒத்துழைப்பு இப்படி இருந்தால் வலது காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார். நான் அதை அப்படியே அண்ணியிடம் சொன்னேன், எதையும் மெதுவாக்காமல். அவர் தலையாட்டினார். இனி அவரால் எந்த வாசலும் ஏற முடியாது. அதனால்தான் ரத்தம் சுத்தமாக இருந்தது. இது டாக்டருக்குத் தெரிய வேண்டிய விஷயமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

மகளைப் பார்த்துக்கொள்ள என் கணவரின் ஷிப்டை மாற்றிக் கேட்டோம். அண்ணி பகலெல்லாம் வாசலுக்கு நேராக நாற்காலியில் இருந்தார். வரிசையில் யார் போகிறார்கள், யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சொன்னார்: "கால் போனா போவுது. வர்ற ஆளும் போயிடுச்சே."

ஒரு சாயங்காலம் முனை வீட்டு அக்கா வந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு. வாசல் கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்று, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

"உள்ள வாங்க. காலு எனக்குத்தானே இல்ல" என்றார் அண்ணி.

அவர் தயங்கி உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பேச்சு ஓடவில்லை. மழையைப் பற்றிக் கொஞ்சம், மகளின் வளர்த்தியைப் பற்றிக் கொஞ்சம். எழுந்துவிடப் போகிறார் என்று மூன்று பேருக்குமே தெரிந்தது. அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"அவங்களுக்கு ஒரு தண்ணி கலந்து குடு."

"வேணாம்லா, நான் இப்பதான்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"நல்லா கலந்து குடு" என்றார் அண்ணி. "நம்ம தண்ணி மாதிரி இல்ல. ஆளுக்குக் குடுக்கிற மாதிரி."

நான் அடுப்படியில் நின்றேன். தண்ணீர் கொதிக்கும்வரை அது சரியா தவறா என்று யோசித்தேன். கொதித்த பிறகும் தெரியவில்லை. நடைவழியில் இருந்த டின்களில் ஒன்றை உடைத்து, ஒரு கிளாஸ் கலந்தேன். இனிப்பாக, கெட்டியாக, மணம் கூடம் வரைக்கும் போகும்படி. ஒரே ஒரு கிளாஸ்.

முனை வீட்டு அக்கா அதை வாங்கிக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். பிறகு என்னை. குடிக்கலாமா என்று கேட்கிற மாதிரி. "குடிங்க, ஆறிடும்" என்றார் அண்ணி. அக்கா குடித்தார். அண்ணியின் கண்கள் கிளாசிலேயே இருந்தன. அது உயர்ந்தபோது உயர்ந்தன, இறங்கியபோது இறங்கின. கூடவே அண்ணியும் ஒரு மடக்கு எச்சிலை விழுங்கினார். நான் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் நின்றேன், அக்கா பேச்சைத் தொடங்கும்வரை, தோட்டத்தில் ஒரு முறை பாம்பு வந்த கதையை அண்ணி பதிலுக்குச் சொல்லும்வரை, இருட்டி விளக்கைப் போடும்வரை. கிளாசின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை அக்கா கீழே வைப்பதற்கு முன்பே நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து கழுவிவிட்டேன்.

"நாளைக்கும் வாங்க" என்று அண்ணி சொல்வது கேட்டது.